நோ ஃபோல்ட் என்றால் சட்டத்தரணி தேவையில்லையா?

கேள்வி, 2025 பெப்ரவரி 3

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபுரோ பகுதியில் இருக்கிறோம். ஜனவரி 11 அன்று எல்ஸ்மியரும் மார்க்கம் வீதியும் சந்திக்கும் இடத்தில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது பின்னால் வந்த வான் இடித்துவிட்டது. நான்தான் ஓட்டினேன், எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்த மாமிக்கு (வயது 64) கழுத்தும் வலது தோள்மூட்டும் வலி, கையைத் தூக்க முடியவில்லை. "நோ ஃபோல்ட்தானே, எங்கள் காப்புறுதியே எல்லாம் கட்டும், லோயரிடம் போனால் காசுதான் போகும்" என்கிறார் கணவர். போதாக்குறைக்கு, இடிபட்ட காரை இழுக்க வந்த டோ ட்ரக்காரர் ஒரு சட்டத்தரணியின் அட்டையைக் கையில் திணித்துவிட்டுப் போனார். போகவேண்டுமா, வேண்டாமா? போவதென்றால் எப்போது?

பதில், 2025 பெப்ரவரி 3, இரவு

மாமிக்கு மூன்று கிழமையாகியும் கை தூக்க முடியவில்லை என்றால் இந்தக் கிழமையே ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். பேசுவது வேறு, வழக்குப் போடுவது வேறு. முதல் பேச்சுக்கு விபத்துச் சட்டத்தரணிகள் பெரும்பாலும் காசு கேட்பதில்லை. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலமும் 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம்.

நோ ஃபோல்ட் என்ற சொல்தான் எங்கள் சனத்தை ஏமாற்றுகிறது. யாருக்கும் பிழை இல்லை என்பது அதன் பொருள் அல்ல. காயப்பட்டவருக்கான மருத்துவச் செலவு, சம்பள இழப்பு போன்றவற்றை, பிழை யாருடையது என்று பார்க்காமல், உங்கள் பக்கத்துக் காப்புறுதியே கட்டும் என்பதுதான். பிழை யாருடையது என்று அவர்கள் எப்படியும் தீர்மானிப்பார்கள். நிற்கும் காரைப் பின்னால் இடித்தால் முழுப் பிழையும் பின்னால் வந்தவருக்கு என்று சட்ட விதியிலேயே இருக்கிறது. எனவே உங்கள் பிரீமியம் பற்றிப் பயப்படாதீர்கள்.

கார் சேதத்துக்கு மட்டும் என்றால் சட்டத்தரணி வேண்டாம். அதையும் உங்கள் காப்புறுதிதான் கட்டும், அதற்காக மற்றவர் மேல் வழக்குப் போட முடியாது.

காப்புறுதிக்கு மாமியின் காயத்தை அறிவித்துவிட்டீர்களா? ஏழு நாளுக்குள் சொல்லவேண்டும். பிந்தியிருந்தால் நாளைக் காலையே எடுத்துச் சொல்லுங்கள், நியாயமான காரணம் இருந்தால் ஏற்பார்கள். அவர்கள் அனுப்பும் ஓசிஎஃப் 1 என்ற விண்ணப்பப் படிவத்தை, கையில் கிடைத்து 30 நாளுக்குள் நிரப்பிக் கொடுக்கவேண்டும். இடித்த வானின் சாரதி மேல் வழக்குப் போடும் எண்ணம் இருந்தால் 120 நாளுக்குள் அவருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும், இல்லாவிட்டால் வழக்கே போய்விடும்.

டோ ட்ரக்காரரின் அட்டையைத் தூக்கிப் போடுங்கள்.

2025 பெப்ரவரி 4, காலை

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 120 நாள் தவறினால் வழக்குப் போய்விடாது. பிறகு செலவுத் தொகை தீர்மானிக்கும்போது நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்கும், அவ்வளவுதான். உங்களுக்கு அந்த 120ஆவது நாள் மே 11. வழக்கை அடைத்துவிடக்கூடியது இரண்டு வருடக் கெடு, 2027 ஜனவரி 11. இதைச் சரியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நானே நாலு மாதம் போய்விட்டது, இனி என்ன என்று நினைத்து ஒன்றரை வருடம் பேசாமல் இருந்தவள்.

2025 பெப்ரவரி 6

என் கதையைக் கேட்டீர்கள், சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

2021 அக்டோபர். பாண் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும்போது பின்னால் இருந்து இடி. எனக்கும் கழுத்து, தோள்தான். தட்டுத் தட்டாகப் பாண் தூக்கி அடுக்கும் வேலை, கிழமைக்கு 760 டொலர் சம்பளம். காப்புறுதி சம்பள இழப்பாக மொத்தச் சம்பளத்தில் 70 வீதம் தரும் என்றார்கள். கணக்குப் போட்டால் 532 வருகிறது. வந்தது 400. கூடுதலாக வாங்கி வைக்காத பொலிசியில் உச்ச வரம்பு 400தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. முதல் கிழமைக்கு ஒன்றும் இல்லை.

என் காயத்தைச் 'சிறு காயம்' என்ற பெட்டிக்குள் போட்டார்கள். மிக் என்பார்கள். அந்தப் பெட்டியில் விழுந்தால் சிகிச்சைக்கு மொத்தமாக 3,500 டொலர். பிசியோவும் மசாஜும் போய் வர நாலு மாதத்தில் அது தீர்ந்தது. பெட்டிக்கு வெளியே வந்தால் பாரதூரம் அல்லாத காயத்துக்கே 65,000 வரை இருக்கிறது, மிகப் பாரதூரம் என்று தீர்மானித்தால் 10 இலட்சம். அப்படி ஒரு வெளி இருக்கிறது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எட்டாம் மாதம் அவர்களுடைய வைத்தியரிடம் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு ஒரு தடித்த உறை வந்தது. முதல் இரண்டு பக்கமும் பரிசோதனை அறிக்கை பற்றிய விளக்கம். மூன்றாம் பக்கத்தில், நடுவில் ஒரு வரி: சம்பள இழப்புத் தொகை இன்னின்ன திகதியோடு நிறுத்தப்படுகிறது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், இதை எதிர்ப்பதானால் இரண்டு வருடத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று. கடிதத்தில் இருந்த திகதி 2022 ஜூன் 14. நான் அதை வாசித்துவிட்டு அலுமாரி லாச்சியில், பிள்ளைகளின் ஊசிக் குறிப்புப் புத்தகங்களுக்குக் கீழே வைத்துவிட்டேன். பிழை என் மேல் இல்லை, காப்புறுதியும் என்னுடையது, அவர்களே இல்லை என்றால் இல்லைதான் என்று நம்பினேன்.

தங்கச்சி, அந்தக் கடிதம்தான் எச்சரிக்கை மணி. அது வந்த அன்றே சட்டத்தரணியிடம் போயிருக்கவேண்டும்.

போனது 2023 ஓகஸ்ட், விபத்து நடந்து 22ஆம் மாதம். அதுவும் கோவிலில் ஒரு அக்கா சொல்லித்தான். போன சட்டத்தரணி கடிதத்தைப் பார்க்க முதல் கலண்டரைப் பார்த்தார். இடித்தவர் மேல் வழக்குப் போட இரண்டு மாதம்கூட இல்லை, காப்புறுதியை எதிர்த்துத் தீர்ப்பாயத்துக்குப் போகப் பத்து மாதம் இருக்கிறது என்றார். இரண்டும் வேறு வேறு கெடு, வேறு வேறு இடம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

2025 பெப்ரவரி 7

அந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாமல் விட்டுவிட்டேன். உங்கள் சொந்தக் காப்புறுதி தரமாட்டேன் என்றால் போகும் இடம் லைசென்ஸ் அப்பீல் ட்ரிபியூனல், சுருக்கமாக லாற். 2016 ஏப்ரல் 1 முதல் இந்த விடயங்கள் அங்கேதான். மறுப்புக் கடிதத்திலிருந்து இரண்டு வருடம். இடித்தவர் மேல் வலிக்கும் இழப்புக்கும் நட்டஈடு கேட்பது நீதிமன்றத்தில். பொதுவாக விபத்திலிருந்து இரண்டு வருடம்.

ஒன்றுக்குப் போனால் மற்றது தானாக நடக்கும் என்று நினைக்கவேண்டாம்.

2025 பெப்ரவரி 9

இன்றைக்கு முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மாமியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: காப்புறுதியிலிருந்து போன் வந்தால் "பரவாயில்லை" என்று சொல்லவேண்டாம்.

என் கோப்பை சட்டத்தரணி எடுப்பித்தபோது, காப்புறுதியில் அதைக் கவனிக்கும் அட்ஜஸ்டர் எழுதிவைத்த போன் குறிப்புகளும் வந்தன. விபத்து நடந்து ஐந்தாம் நாள், "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டதற்கு நான் "பரவாயில்லை, ஓகே" என்றிருக்கிறேன். அப்படிச் சொன்ன நினைவே இல்லை. அன்றைக்குத் தலைமுடியைக்கூட மகள்தான் வாரிவிட்டாள். யார் சுகம் விசாரித்தாலும் பரவாயில்லை என்பது எங்கள் வாயில் வருகிற மரியாதைச் சொல். அந்தக் குறிப்பில் அது 'நலமாக இருப்பதாகக் கூறினார்' என்று ஆகியிருந்தது. பரிசோதனை வைத்தியரின் அறிக்கையிலும் அந்த வரி ஏறியிருந்தது.

பொய் சொல்லச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லவேண்டும். கையை எவ்வளவு உயரம் தூக்கலாம், எந்த வேலை செய்ய முடியவில்லை, இரவில் எத்தனை தரம் எழும்புகிறார். பரிசோதனைக்கு அனுப்பினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். நீங்கள் மருமகள், கூடப் போய் மொழிபெயர்ப்பது நல்லதல்ல.

அப்புறம், நாட்குறிப்பு. தமிழ்க் கடையில் தருகிற கிழிக்கிற கலண்டர் வீட்டில் இருக்கும்தானே, அந்தத் தாளின் பின்பக்கமே போதும். நான் பிந்தித்தான் தொடங்கினேன். "20 இறாத்தல் அரிசிப் பை தூக்க முடியவில்லை, கடைப் பொடியன் காரில் வைத்தான்" என்று எழுதிய ஒரு தாளைச் சட்டத்தரணி இரண்டு முறை வாசித்தார். வைத்தியர்களின் பத்துப் பக்கத்தைவிட இது தெளிவாக இருக்கிறது என்றார்.

2025 பெப்ரவரி 15

உங்கள் அவர் கேட்ட காசுக் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்பது நியாயம்தான்.

விபத்து வழக்குகளில் பெரும்பாலும் வென்றால்தான் கட்டணம், கிடைப்பதில் ஒரு வீதம். 30 வீதம் என்று வைத்து 20,000 டொலர் கிடைத்தால் 6,000 அவருக்கு. அதன் மேல் 13 வீத வரி 780. அறிக்கைகள், பிரதிகள் எடுத்த செலவு தனி. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முதல், வீதம் எதிலிருந்து, செலவு யாருடையது, இடையில் விலகினால் என்ன என்று மூன்றையும் கேளுங்கள். 2021 ஜூலை முதல் இந்த ஒப்பந்தத்துக்குச் சட்டச் சங்கம் வகுத்த ஒரே மாதிரிப் படிவம் இருக்கிறது. அதைத்தான் தரவேண்டும், விளக்கக் கையேடும் தரவேண்டும்.

லாற்றில் வென்றாலும் உங்கள் சட்டத்தரணியின் கூலியைக் காப்புறுதி பொதுவாகக் கட்டாது. அதனால் 800 டொலர் பிசியோ பில்லுக்காகச் சட்டத்தரணி வைத்தால் கணவர் சொல்வதுதான் நடக்கும். சட்டத்தரணி அல்லாத பாராலீகல் ஒருவரும் லாற்றில் வாதிடலாம், அவர்களும் சட்டச் சங்க உரிமம் உள்ளவர்கள். சின்னத் தொகைக்கு அது நல்ல வழி.

நீதிமன்ற வழக்கில் வேறொரு வெட்டு இருக்கிறது. வலி, வேதனைக்கான நட்டஈட்டில் ஒரு தொகையைச் சட்டமே கழிக்கும். 30,000 என்று எழுதப் போனேன். அது பழைய கணக்கு, 2015இல் கூட்டி, பிறகு வருடாவருடம் ஏற்றுகிறார்கள். 2025இல் அது 46,790.05 டொலர். நீதிமன்றம் 60,000 என்று தீர்த்தால் கைக்கு வருவது 13,209.95. ஒன்றரை இலட்சத்துக்குச் சற்று மேல் போனால்தான் அந்த வெட்டு இல்லை. அதோடு காயம் நிரந்தரமானதாகவும் பாரதூரமானதாகவும் இருக்கவேண்டும். "கேஸ் போட்டால் வீடு வாங்கலாம்" என்று கல்யாண வீட்டில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

2025 மார்ச் 2

முதல் நாள் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். எல்லோரும் உடனே ஓடவேண்டும் என்பது போல எழுதியிருக்கிறேன். அது சரியில்லை.

தம்பிக்கு 2023இல் ஒரு சின்ன இடி. இரண்டு கிழமை கழுத்துப் பிடிப்பு, ஆறு தரம் பிசியோ, சுகம். 3,500க்குள் எல்லாம் முடிந்தது. அவனுக்குச் சட்டத்தரணி வேண்டியிருக்கவில்லை. ஆனால் டோ ட்ரக்காரர் காட்டிய இடத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டான். பிறகு அதிலிருந்து விடுபட நாலு மாதம். எந்தச் சட்டத்தரணியைத் தெரிவுசெய்வது என்பது காயப்பட்டவரின் உரிமை, வீதியோரத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது தெரிவுசெய்யக்கூடாது.

எனவே மாற்றிச் சொல்கிறேன். வலி குறைந்துகொண்டு வருகிறது, காப்புறுதி கேட்டதைத் தருகிறது, வேலைக்குத் திரும்பியாயிற்று: பேசாமல் சுகப்படுங்கள். எலும்பு முறிவு, தலையில் அடி, ஆஸ்பத்திரியில் தங்கல், உயிரிழப்பு: முதல் கிழமையே. இடையில் இருப்பவர்கள், உங்கள் மாமி மாதிரி, 'இல்லை' என்று எழுத்தில் வந்த நாள் அல்லது மூன்று மாதமாகியும் வலி குறையாத நாள், எது முந்தியோ அது.

சத்தியம் செய்து வாக்குமூலம் தர வரச் சொல்லிக் காப்புறுதி கடிதம் போட்டால் அதற்கும் தனியாகப் போகவேண்டாம். கூட ஒரு சட்டத்தரணியைக் கொண்டுபோக உரிமை இருக்கிறது.

2025 மார்ச் 20

மாமியை மிக் பெட்டிக்குள் போட்ட கடிதம் வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பயப்படவேண்டாம், சில விடயம் பாருங்கள்.

மாமிக்கு விபத்துக்கு முன்பே நீரிழிவும், 2022இல் அதே தோளில் இறுக்கமும் இருந்தது என்கிறீர்கள். முன்பிருந்த வருத்தம் என்று மறைக்கப் பார்க்காதீர்கள், அதுதான் உங்களுக்கு வழி. விபத்துக்கு முன்பே வைத்தியர் பதிந்து வைத்த வருத்தம் ஒன்று இருந்து, அதனால் 3,500க்குள் முழுதாகச் சுகப்பட முடியாது என்று இப்போது வைத்தியர் காரணத்தோடு எழுதினால், சிறு காயப் பெட்டியிலிருந்து வெளியே வரலாம். குடும்ப வைத்தியரின் பழைய பதிவேட்டை இந்தக் கிழமையே கேளுங்கள். எனக்கு இது கிடைக்க ஏழு கிழமை எடுத்தது. வலி நாட்பட்டு நின்றாலோ மனம் பாதிக்கப்பட்டிருந்தாலோ அதுவும் வழி. மாமி காரில் ஏறவே பயப்படுகிறார் என்றீர்களே, அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பிசியோ நிலையம் அனுப்பிய ஓசிஎஃப் 18, அதாவது சிகிச்சைத் திட்டம், அதற்குக் காப்புறுதி பத்து வேலை நாளுக்குள் பதில் தரவேண்டும். தராவிட்டால் பதினோராம் வேலை நாளிலிருந்து, பதில் வரும்வரை நடக்கும் சிகிச்சைக்கு அவர்கள் கட்டவேண்டும். அந்தத் திட்டத்துக்கு மிக் என்ற சாட்டும் சொல்ல முடியாது. எந்த நாள் அனுப்பினார்கள் என்று நிலையத்தில் கேட்டுக் குறித்து வையுங்கள்.

ஒன்று முதலே கேட்டிருக்கவேண்டும், கேட்காமல் விட்டது என் கவலையீனம். மாமி வேலைக்குப் போகிறவர் இல்லைதானே? வேலை இல்லாதவருக்கும் தொகை இருக்கிறது. முதல் நாலு கிழமைக்குப் பிறகு கிழமைக்கு 185 டொலர், விபத்திலிருந்து 104 கிழமை வரை. முன்பு வாழ்ந்த சாதாரண வாழ்க்கையை நடத்தவே முடியாத நிலை என்று ஓசிஎஃப் 3 என்ற இயலாமைச் சான்றுப் படிவத்தில் வைத்தியர் எழுதவேண்டும். லேசில் கிடைக்காது. முன்பு மாமி ஒரு நாளில் என்னென்ன செய்வார் என்று எழுதுங்கள்: பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வருவது, கோவிலில் பூக் கட்டுவது, வெந்தயக்கீரைப் பாத்தி. எழுதினால்தான் எது போனது என்று தெரியும்.

இப்போது சட்டத்தரணியிடம் போங்கள். 'இல்லை' எழுத்தில் வந்துவிட்டது.

2025 ஏப்ரல் 6

இன்னொருவர் கேட்டதற்காக இது. ரீரீசி, அதாவது ரொறன்ரோ மாநகர பஸ், திடீரென்று பிரேக் போட்டு உள்ளே விழுந்தவருக்கு இந்த நோ ஃபோல்ட் கொடுப்பனவு கிடைக்காது, பஸ் எதிலும் மோதாவிட்டால். 2011இல் வந்த மாற்றம். அவருக்கு வழக்கு மட்டும்தான் வழி, ஆகவே சட்டத்தரணி உடனே தேவை. பனி வழுக்கி விபத்து, வீதியைப் பராமரிக்காதது மாநகரம் என்று சொல்லப் போகிறீர்கள் என்றால் பத்து நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். பத்து நாள் என்பது ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போய்விடும்.

நடந்து போகும்போது கார் இடித்தாலும், உங்கள் பெயரில் கார்க் காப்புறுதி இருந்தால் முதலில் உங்கள் காப்புறுதிதான் கட்டும். இது பலருக்குத் தெரியாது.

2025 ஜூன் 28

மாமியின் சட்டத்தரணி தோளுக்கு எம்ஆர்ஐ எடுப்பித்ததும், தசைநார் கிழிவு தெரிந்ததும், காப்புறுதி மிக்கிலிருந்து விட்டதும் வாசித்தேன். இரவு அம்மாவிடமும் சொன்னேன். முன்பின் தெரியாத உங்கள் மாமிக்காக அவர் அடுத்த நாள் பிள்ளையாருக்கு விளக்கு வைத்தார்.

இனி ஒரு நாள் காப்புறுதி ஒரு மொத்தத் தொகை தந்து கணக்கை முடிக்கக் கேட்கும். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் அப்படி முடிக்க முடியாது. பிறகு கேட்டால், கையெழுத்து வைத்தபின் இரண்டு வேலை நாளுக்குள் மனம் மாறலாம். எனக்கு 2024இல் கேட்டார்கள். முதல் தொகைக்கே தலையாட்டப் போனேன், வீட்டு வாடகை பாக்கி இருந்தது. சட்டத்தரணி ஒரு கேள்விதான் கேட்டார்: "தோளுக்கு இனி ஊசி போடவேண்டி வந்தால் யார் கட்டுவது?" அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போய் ஒரு இரவு இருந்தேன். பிறகு கிடைத்தது முதல் சொன்னதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. 2022 ஜூனிலேயே போயிருந்தால், சிகிச்சை இல்லாமல் அந்தப் பதினாலு மாதம் தோள் இறுகிப் போயிராது. அதற்கு எந்தத் தொகையும் இல்லை.

2025 நவம்பர் 16

2026 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் மருத்துவம், புனர்வாழ்வு, பராமரிப்பு ஆகியவை மட்டும்தான் பொலிசியில் கட்டாயம். நான் மேலே எழுதிய கிழமைக்கு 400 சம்பள இழப்பும், மாமிக்கான அந்த 185ம் விரும்பினால் வாங்குகிற பட்டியலுக்குப் போகின்றன. பிரீமியம் குறைகிறதே என்று அதை விட்டுவிட்டால், பிறகு எந்தச் சட்டத்தரணியாலும் இல்லாத தொகையை வாங்கித் தர முடியாது.

என் புதுப்பிப்பு ஓகஸ்டில் வருகிறது. நேற்றே தரகருக்குப் போன் செய்து சம்பள இழப்பு இருக்கவேண்டும், 400க்கு மேல் உயர்த்த எவ்வளவு என்று எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன். அவர் "இன்னும் நாள் இருக்கிறதே அக்கா" என்றார். இருக்கட்டும், அனுப்புங்கள் என்றேன். பதில் வந்ததும் தொகையை இங்கே போடுகிறேன்.